செல் மேற்பரப்பில் எந்தச் செயற்கை ஏற்பி? சின்நாட்ச், ஸ்னைப்பர், மெசா, ஜெம்ஸ், டாங்கோ: ஓர் ஒப்பீடு

செல்லுக்கு வெளியே ஒரு மூலக்கூறு வந்து ஒட்டினால் உள்ளே நாம் குறித்துவைத்த மரபணு விழித்துக்கொள்ள வேண்டும். ஒட்டாதவரை அது உறங்கிக் கிடக்க வேண்டும். செயற்கை ஏற்பியிடம் (செல்லின் சவ்வில் நாம் பதிக்கும் உணர்வுப் புரதம்; தலைப்பிலுள்ள ஐந்தும் அதன் வடிவங்கள்) எல்லோரும் கேட்பது இவ்வளவுதான். இதில் முதல் பாதி இன்று பெரிய காரியமில்லை. நூறு மடங்கு ஒளிரும் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) படத்தை யாரும் காட்டிவிடலாம். ஆளைத் தின்பது இரண்டாம் பாதி. லிகண்டே (ஏற்பியில் வந்து ஒட்டும் மூலக்கூறு) இல்லாத தட்டில் நூற்றுக்குப் பத்து செல்கள் தாமாகவே ஒளிர்ந்தால், ஜிஎஃப்பியின் இடத்தில் நாளைக்கு ஒரு சைட்டோகைனையோ (நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம்) கார் (CAR) ஏற்பியையோ (டி செல் எனும் நோயெதிர்ப்புச் செல்லைப் புற்றுநோய்ச் செல்லின் மேல் ஏவும் ஏற்பி) வைக்கும்போது அந்தப் பத்து செல்கள்தான் கதையை முடிக்கும்.

அதனால் இந்த ஒப்பீட்டில் ‘எது அதிகம் ஒளிர்கிறது’ என்பதை அளவுகோலாக வைக்கவில்லை. லிகண்ட் எந்த வடிவில் இருக்கிறது, அணைந்த நிலையில் எவ்வளவு கசிகிறது, கசிவு எங்கிருந்து வருகிறது என்ற மூன்றையும் கேட்டால் தேர்வு பெரும்பாலும் தானே நடந்துவிடும்.

லிகண்ட் எங்கே இருக்கிறது?

பக்கத்துச் செல்லின் சவ்வில் ஒட்டியிருக்கும் புரதமா, திரவத்தில் மிதக்கும் புரதமா, சின்ன மருந்து மூலக்கூறா? முதல் வகைக்கு சின்நாட்ச்சும் ஸ்னைப்பரும். மிதக்கும் புரதத்துக்கு மெசா, ஜெம்ஸ், அண்மைக்காலமாக ஸ்னைப்பரும். ஏற்கெனவே ஜி-புரத ஏற்பி (செல்லின் இயல்பான ஏற்பிக் குடும்பம் ஒன்று) இருக்கும் சின்ன மூலக்கூறுக்கு டாங்கோ. இந்தக் கோட்டைத் தாண்டிப் போகலாம், ஆனால் கூடுதல் வேலை வைக்கும். லிகண்டாகக் கரைந்த ஜிஎஃப்பியைச் சின்நாட்ச் செல்களின் மேல் ஊற்றிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று ஏற்பியைக் குறை சொல்வது முதல் மாதத்தில் எல்லா ஆய்வகங்களிலும் நடப்பது. இழுக்க ஆளில்லாத கயிறு இறுகாது.

சின்நாட்ச்

2016-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் வெண்டல் லிம் குழு வெளியிட்ட வடிவம் இது. எலியின் நாட்ச்1 என்ற இயல்பான ஏற்பிப் புரதத்தின் நடுப்பகுதியை, சுமார் 325 அமினோ அமிலங்களை, அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு முனைகளையும் மாற்றினார்கள். வெளியே ஒரு எஸ்சிஎஃப்வி அல்லது நானோபாடி (இரண்டும் இலக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடித் துண்டுகள்). உள்ளே கேல்4-விபி64 அல்லது டிடிஏ போன்ற படியெடுப்புக் காரணி (மரபணுவை இயக்கும் புரதம்). லிகண்ட் உள்ள செல் வந்து பிடித்து இழுக்கும்போது சில பிகோநியூட்டன் விசையில் நடுப்பகுதியின் பூட்டு திறக்கிறது. ஏடாம்10 என்ற நொதி வெளிப்புறம் வெட்டுகிறது. அதன்பின் காமா-செக்ரெட்டேஸ் என்ற இன்னொரு நொதி சவ்வுக்குள்ளேயே வெட்டுகிறது. காரணி கழன்று உட்கருவுக்குப் போகிறது. செய்தியைக் கடத்தச் செல்லின் சொந்த சமிக்ஞைப் பாதை எதுவும் தேவையில்லை.

இதில் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. ஓர் ஏற்பி ஒரு காரணியைத்தான் விடும், விட்ட பிறகு அது செத்த ஏற்பி. நடுவில் பெருக்கம் எதுவும் இல்லை. லிகண்ட் அடர்த்திக்கு ஏற்ப வெளிப்பாடு படிப்படியாக ஏறுவது இதனால்தான். திசு உருவாக்கம், செல்களை வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளுக்கு அது வரம். இலக்குச் செல்லில் லிகண்ட் சொற்பமாக இருந்தால் அதுவே சாபம்.

அடிப்படைக் கட்டமைப்பு எளியது. சிடி8-ஆல்ஃபா சிக்னல் பெப்டைட் (புரதத்தை மேற்பரப்புக்கு அனுப்பும் துண்டு), அதையடுத்து மிக் டேக் (கறையிட்டுப் பார்க்க ஒரு சிறு அடையாளத் துண்டு), எஸ்சிஎஃப்வி, நாட்ச் நடுப்பகுதி, காரணி. இதை ஒரு லென்டிவைரஸில் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் வைரஸ்) பிஜிகே புரமோட்டரின் (மரபணுவைத் தொடக்கிவைக்கும் டிஎன்ஏ துண்டு) கீழ் வைக்கவும். எஸ்எஃப்எஃப்வி போன்ற பலத்த புரமோட்டர் வேண்டாம்: மேற்பரப்பில் ஏற்பி கூடினால் கசிவும் கூடவே ஏறும். இரண்டாவது லென்டிவைரஸில் ரெஸ்பான்ஸ் கேசட், அதாவது விடுதலையான காரணி வந்து ஒட்டி இயக்கும் துண்டு: கேல்4 ஒட்டும் தளம் 5 முறை, ஒரு குறும் புரமோட்டர், இலக்கு மரபணு, அதன்பின் பிஜிகே-எம்செர்ரி போன்ற சிவந்து ஒளிரும் அடையாளம். குறும் புரமோட்டராக வழக்கமான சிஎம்வி துண்டை வைத்தால் டி செல்களில் கொஞ்சம் முணுமுணுக்கும்; ஒய்பி-டாட்டா அதைவிட அமைதியானது. உச்ச வெளிப்பாட்டில் கொஞ்சம் இழந்தாலும் அதையே எடுக்கலாம்.

இரண்டையும் ஒரே வைரஸில் அடைக்க ஆசை வரும். அப்போது பிஜிகே, பக்கத்திலிருக்கும் குறும் புரமோட்டரைத் தட்டி எழுப்பிவிடும். நடுவில் பாலி-ஏ (ஆர்என்ஏவை முடித்துவைக்கும் சமிக்ஞை) வைத்துப் பிரிக்கலாம் என்று நினைத்தால், வைரஸின் மரபணு ஆர்என்ஏவே அந்த இடத்தில் அறுந்துபோய் டைட்டர் (வைரஸ் செறிவு) சரியும். கேசட்டைத் திருப்பி வைத்தால் பாலி-ஏ சிக்கல் தீரும். ஆனால் வைரஸ் தயாரிக்கும் செல்லில் எதிர்த்திசை ஆர்என்ஏக்கள் ஒன்றோடொன்று ஒட்டி டைட்டர் வேறு வழியில் குறையும். இரண்டு வைரஸ், இரண்டு நிறம், இரண்டு முறை பிரித்தெடுத்தல் என்பதே தொடக்கத்துக்கு நல்லது.

டிடிஏவா கேல்4-ஆ என்ற கேள்விக்கு: டிடிஏ வைத்தால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை ஊற்றி எப்போது வேண்டுமானாலும் அணைக்கலாம். வளர்ப்புத் தட்டில் அது விலைமதிப்பற்ற வசதி. செல் வரிசையைப் பெருக்கும் வாரங்கள் முழுக்க டாக்சிசைக்ளினில் வைத்து, சோதனைக்கு முன் கழுவினால் கசிவு சேர்ந்து குவியாது. ஒரு தடவை கழுவினால் போதாது. ஊடகத்தை மாற்றி ஒரு நாள் விட்டு மீண்டும் மாற்றுங்கள்.

ஈடிடிஏ பற்றி ஒரு எச்சரிக்கை

சின்நாட்ச் கசிகிறது என்ற புகார்களில் ஒரு பங்கு ஏற்பியின் தவறே அல்ல. நாட்ச் பூட்டைத் தாங்கும் மூன்று மடிப்புகளிலும் ஆளுக்கொரு கால்சியம் அயனி உட்கார்ந்திருக்கிறது. அதை உருவினால் பூட்டு விசை இல்லாமலே அவிழும். செல்களைப் பிரித்தெடுக்கும் பஃபரில் கால்சியத்தைப் பிடித்து உருவும் ஈடிடிஏவை 2 மில்லிமோலார் அளவில் சேர்ப்பது வழக்கம். செல் கட்டியாகாமல் இருக்கத்தான். அதில் இரண்டு மணி நேரம் ஐஸில் காத்திருந்து, பிரித்து, தட்டில் போட்டு, மறுநாள் பார்த்தால் லிகண்டே காணாத செல்கள் பச்சையாகச் சிரிக்கும். வெளிப்பகுதி கழன்று போவதால் மிக் கறையும் அதே செல்களில் மங்கும். ஜிஎஃப்பி ஏறி, மிக் இறங்கி, லிகண்டும் இல்லை என்றால் முதலில் பஃபர் குறிப்பைப் புரட்டுங்கள்.

டி செல்களுக்கு ஈடிடிஏ தேவையே இல்லை. கால்சியமும் மக்னீசியமும் உள்ள பிபிஎஸ் உப்புக் கரைசலில் 2 சதவீதம் சீரம் சேர்த்தால் போதும். செல்கள் கட்டியானால் டிஎன்ஏஸ் நொதி கொஞ்சம் விடலாம். ஒட்டி வளரும் செல்களுக்கு டிரிப்சின்-ஈடிடிஏவைப் பெரும்பாலும் தவிர்க்க முடியாது. செல் எழும்பியதும் சீரம் உள்ள முழு ஊடகத்தைக் கொட்டி நிறுத்தி, சுழற்றி, பழைய திரவத்தை ஊற்றிவிடுங்கள். எடுத்த அன்றே சோதனை வேண்டாம், ஓரிரவு ஆறட்டும்.

உண்மையான கசிவுக்கு வேறு காரணங்கள் உண்டு. டி செல்லை அதன் சொந்த ஏற்பி வழியே உசுப்பினால் சின்நாட்ச் லிகண்ட் இல்லாமலே ஓரளவு வெட்டுப்படும். டி செல்லை உசுப்பும் சிடி3/சிடி28 மணிகளை எடுத்த மறுநாளே கசிவை அளந்து மனம் நொந்துபோவது இதனால்தான். 0-ஆம் நாள் மணிகள், மறுநாள் வைரஸ், 4 அல்லது 5-ஆம் நாள் மணிகளை நீக்கிப் பிரித்தெடுத்தல், 9 அல்லது 10-ஆம் நாள்வரை ஓய்வு, அதன்பின்தான் அளவு. ஆனால் உடலுக்குள் அந்தச் செல் உசுப்பப்பட்ட நிலையில்தான் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓய்ந்த செல்லின் கசிவு எண் சிகிச்சைக்கான எண் ஆகாது. இரண்டையும் அளந்து இரண்டையும் எழுதுங்கள்.

கசிவைக் குறைக்க ஒரு எளிய திருத்தம் 2020-இல் வந்தது: சவ்வுக்கு உட்புறம், காரணிக்கு முன், இயல்பான நாட்ச்சிலிருந்து எடுத்த நீர்வெறுக்கும் சிறு துண்டு ஒன்றைச் செருகுவது. ஏழே அமினோ அமிலம். பழைய சின்நாட்ச் பிளாஸ்மிட்டை (கட்டமைப்பைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ) வைத்திருப்பவர்கள் வேறெதையும் மாற்றும் முன் இதைச் செய்து பார்க்கலாம்.

இன்னொரு பொறி: ஏற்பி உள்ள பெறும் செல்லே லிகண்டையும் சுமந்திருந்தால் ஏற்பி முடங்கும். இயல்பான நாட்ச்சுக்கும் உள்ள குணம்தான் அது. புற்றுநோய் இலக்கைக் குறிவைக்கும்போது அந்த இலக்கு உசுப்பப்பட்ட டி செல்லின் மேலேயே தலைகாட்டுகிறதா என்று கறையிட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்னைப்பர்

சின்நாட்ச்சை மருந்தாக்க நினைப்பவருக்கு மூன்று இடைஞ்சல்கள்: நீளம், எலித் துண்டு, ஈஸ்ட்டும் ஹெர்பீஸ் வைரஸும் கலந்த காரணி. பின்னிரண்டையும் நோயெதிர்ப்பு மண்டலம் வேற்றாளாகப் பார்க்க வாய்ப்புண்டு. அதே வளாகத்தின் கோல் ராய்பல் குழு 2022-இல் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே மாற்றி, பல கட்டமைப்புகளைச் சோதித்து, நாட்ச்சின் பெரிய பூட்டையே தூக்கி எறிந்தது. அந்த இடத்தில் வெட்டிக் குறுக்கிய சிடி8-ஆல்ஃபா ஹிஞ்ச் (பகுதிகளை இணைக்கும் கீல்). அதையடுத்து மனித நாட்ச்1-இன் சவ்வுப் பகுதி, நாட்ச்2-இன் உட்புறத் துண்டு. காரணியாக மனித எச்என்எஃப்1-ஆல்ஃபாவின் டிஎன்ஏ பிடிக்கும் பகுதியோடு பி65 (படியெடுப்பைத் தூண்டும் பகுதி). சவ்வுக்குள் நடக்கும் வெட்டு மட்டும் பழைய வழியில் நிலைக்கிறது.

பூட்டு இல்லாமல் எப்படி அணைந்து கிடக்கிறது என்ற கேள்வி நியாயமானது. விசையால் திறக்கும் கதவு இங்கே இல்லை. ஹிஞ்ச்சின் நீளமும் சவ்வருகே இருக்கும் துண்டுகளும் சேர்ந்து வெட்டை அடக்குகின்றன. அதனால்தான் ஹிஞ்ச்சில் கை வைப்பது ஆபத்து. நாலு அமினோ அமிலம் கூட்டினால் என்ன என்று விளையாடுபவர்கள் கசிவை மறுபடி அளக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. கால்சியம் சுமக்கும் மடிப்புகள் போய்விட்டதால் மேலே சொன்ன ஈடிடிஏ தலைவலி இந்த வழியில் வராது என்பது ஓர் ஆறுதல்.

எச்என்எஃப்1-ஆல்ஃபா மனிதப் புரதம்தானே, செல்லின் சொந்த மரபணுக்களைத் தொடாதா? கல்லீரல், சிறுநீரகம், கணையம் ஆகியவற்றில் அது இயல்பாகவே வேலை செய்யும் காரணி. டி செல்லில் அது இல்லை. அங்கே ரெஸ்பான்ஸ் கேசட்டை வேறு யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள். அதே கேசட்டைக் கல்லீரல் செல்லில் போட்டால் ஏற்பியே இல்லாமல் எரியும். ஸ்னைப்பர் ஏற்பியை டி செல்லிலிருந்து வேறு செல்லுக்குக் கொண்டுபோகிறவர்கள் காரணியையும் மாற்ற வேண்டும். மனிதத் துண்டுகளாலான செயற்கை ஜிங்க் ஃபிங்கர் (டிஎன்ஏவைப் பிடிக்கும் புரத மடிப்பு) காரணிகள் அதற்குப் பொருத்தம்.

2024-இல் வந்த அடுத்த வடிவம் மேலே சொன்ன எல்லைக் கோட்டையே அழித்து வரைந்தது: கரைந்த லிகண்டுக்கும் ஸ்னைப்பர் விழிக்கும். லிகண்டைப் பிடித்த ஏற்பி செல்லுக்குள் விழுங்கப்பட்டு, அமிலத்தன்மையுள்ள உள்ளறையில் வெட்டுப்படுகிறது. நல்ல செய்திதான், ஆனால் கூடவே ஒரு கவலையும் வருகிறது. சவ்வு இலக்கு என்று நம்பித் தேர்ந்த புரதம் இரத்தத்தில் உதிர்ந்து மிதக்கிறதா என்று இனி கேட்க வேண்டும். மீசோதீலின் அப்படி உதிரும் இலக்கு. உங்கள் கட்டமைப்பை உதிர்ந்த புரதத்தின் படிநிலைக் கரைசலில், இலக்குச் செல் இல்லாமல், ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

இன்றைக்கு டி செல்லில், சவ்விலுள்ள இலக்குக்கு, புதிதாகத் தொடங்குகிறவர் ஸ்னைப்பர் எடுக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு. ஏற்கெனவே சின்நாட்ச்சில் ஆண்டுக்கணக்கான தரவு இருப்பவர்கள் மாற வேண்டிய கட்டாயமில்லை. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய்க்கு, ஈஜிஎஃப்ஆர்வி3 என்ற கட்டிப் புரதத்தை உணர்ந்து, ஈஃபா2, ஐஎல்13ஆர்-ஆல்ஃபா2 ஆகிய புரதங்களைத் தாக்கும் கார் ஏற்பியை வெளியிடும் மரபணுச் சுற்று சின்நாட்ச் வடிவிலேயே நோயாளிகளிடம் முதற்கட்டச் சோதனைக்குப் போயிருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான ஓர் எல்லையை ஏற்பிப் பொறியியலால் தீர்க்க முடியாது. இலக்கு ‘அ’வைப் பார்த்துக் கார் ஏற்பி வெளிப்படச் சில மணி நேரம் ஆகும், ‘அ’ விலகிய பின் மறையவும் பல மணி நேரம். அதற்குள் செல் நடந்து போய்விடும். 2019-இல் எலிகளில் ஆர்ஓஆர்1 என்ற புரதத்தைத் தாக்கும் கார் ஏற்பியைச் சின்நாட்ச்சால் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். ஆர்ஓஆர்1 உள்ள ஆரோக்கியத் திசு கட்டியிலிருந்து தள்ளியிருந்தபோது எலி பிழைத்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தபோது நச்சுத்தன்மை வந்தது. கார் ஏற்பி தாக்கும் இலக்கை ‘ஆ’ என்று வைத்தால், இது ‘அ-வும் ஆ-வும் ஒரே செல்லில் இருந்தால்’ என்ற தர்க்கம் இல்லை. ‘அ-வின் அக்கம்பக்கத்தில் ஆ இருந்தால்’ என்ற தர்க்கம். இலக்கு இணையைத் தேர்வதற்கு முன் இந்த வாக்கியத்தை இரண்டு தடவை படியுங்கள்.

மெசாவும் ஜெம்ஸும்

இரண்டும் இரட்டைச் சங்கிலி ஏற்பிகள். லிகண்ட் இரண்டு சங்கிலிகளையும் சேர்த்துப் பிடிக்கும்போது வேலை தொடங்குகிறது. உள்ளே நடப்பதுதான் வேறு.

மெசா 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா லெனார்ட் குழுவிலிருந்து வந்தது. ஒரு சங்கிலியின் வாலில் டெவ் புரோட்டியேஸ் (புரதத்தைக் குறித்த இடத்தில் வெட்டும் நொதி). மற்றதன் வாலில் டெவ் வெட்டும் தளமும் அதன்பின் காரணியும். இரண்டும் நெருங்கினால் வெட்டு, காரணி விடுதலை. செல்லின் பாதைகள் எதையும் தொடாது; அதுதான் இதன் பெருமை. 2017-இல் விஈஜிஎஃப் என்ற மிதக்கும் புரதத்தை உணர்ந்து ஐஎல்-2 என்ற சைட்டோகைனை வெளியிடும் டி செல்களை இதே வழியில் செய்து காட்டினார்கள்.

கசிவு வரும் இடமும் அதே நெருக்கம்தான். சவ்வு என்பது தளத்தில் அலையும் கூட்டம். லிகண்ட் இல்லாமலே சங்கிலிகள் மோதிக்கொள்ளும். எண்டோபிளாச வலையில் தயாராகிக் கிடக்கும்போதே மோதி வெட்டிக்கொள்வதும் உண்டு. தற்காலிக டிரான்ஸ்ஃபெக்‌ஷனில் ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்கில் பிளாஸ்மிட் நுழைவதால் மெசா எப்போதும் மோசமாகவே தெரியும். சரிசெய்ய மூன்று திருகாணிகள். முதலாவது அளவு: மொத்த டிஎன்ஏவை மாற்றாமல், வெற்றுப் பிளாஸ்மிட்டால் நிரப்பி, புரோட்டியேஸ் சங்கிலியைப் பாதி, கால், எட்டில் ஒன்று என்று இறக்குங்கள். பெரும்பாலும் புரோட்டியேஸ் சங்கிலி குறைந்து இருப்பதே நல்லது. இரண்டாவது, வெட்டும் தளத்தின் கடைசி எழுத்து: வெட்டுக்கு அடுத்து வரும் அமினோ அமிலத்தை கிளைசினிலிருந்து மெத்தியோனினுக்கோ லூசினுக்கோ மாற்றினால் வெட்டு தளரும். மூன்றாவது, புரோட்டியேஸையே இரண்டாகப் பிளந்து சங்கிலிக்கு ஒன்றாகத் தொங்கவிடுவது. பிளந்த பாதிகள் தாமாக ஒட்டாதபடி திருத்திய வடிவங்கள் 2020, 2021 ஆண்டுகளில் வந்தன. இன்று மெசா எடுப்பவர்கள் அதிலிருந்து தொடங்குவதே புத்தி.

ஜெம்ஸ் 2018-இல் சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபுசெனெக்கர் குழுவிலிருந்து வந்தது. எரித்ரோபொயட்டின் ஹார்மோனுக்கான ஏற்பியின் வெளிப்பகுதியை 93-ஆம் இடத்தில் ஃபீனைல்அலனினை அலனினாக மாற்றி, எரித்ரோபொயட்டினுக்குச் செவிடாக்கி, வெறும் சட்டமாக வைத்துக்கொண்டார்கள். மேலே எஸ்சிஎஃப்வி அல்லது நானோபாடி. கீழே வேண்டிய சமிக்ஞைப் பகுதி. ஐஎல்-6 ஏற்பியின் பகுதி வைத்தால் ஜாக்-ஸ்டாட்3 பாதை, எஃப்ஜிஎஃப்ஆர்1 ஏற்பியின் பகுதி வைத்தால் மேப்கே பாதை; இரண்டும் செல்லின் சொந்த சமிக்ஞைப் பாதைகள். ரெஸ்பான்ஸ் கேசட் அந்தப் பாதையின் சொந்தப் புரமோட்டரைக் கேட்கும். எச்ஈகே (ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் மனிதச் செல் வரிசை) செல்லில் ஸ்டாட்3 பிளாஸ்மிட்டையும் கூடப் போட்டால் பதில் தெளிவாக வரும்.

ஜாக் ஒன்று பல ஸ்டாட்களை எழுப்பும் என்பதால் இங்கே பெருக்கம் உண்டு. சொற்ப லிகண்டிலேயே ரிப்போர்ட்டர் (பதிலைக் காட்டும் மரபணு) கொழுந்துவிடும். விலை என்ன? சீரத்திலோ பக்கத்துச் செல்லிலோ இருந்து வரும் சைட்டோகைன்களும் அதே ஸ்டாட்3-ஐ எழுப்பும், ரிப்போர்ட்டருக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. அதோடு ஏற்பி எழுப்புவது உங்கள் ஒரு மரபணுவை மட்டும் அல்ல, ஸ்டாட்3 தொடும் எல்லாவற்றையும். இரத்தத்தில் ஒரு பொருளை உணரும் செயற்கைச் சுரப்பிச் செல்லுக்கு இது பொறுக்கலாம். புற்றுநோய்க்கு எதிரான டி செல்லுக்கு யோசிக்க வேண்டும்.

இரண்டிலும் எஸ்சிஎஃப்வி தேர்வு மிக முக்கியம். தனக்குத்தானே ஒட்டும் குணமுள்ள எஸ்சிஎஃப்வி லிகண்டின் வேலையைத் தானே செய்துவிடும். லிகண்டின் இரண்டு வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு பிணைப்பான்கள் வேண்டும், அல்லது லிகண்ட் இரட்டையாக இருக்க வேண்டும்.

இன்னொரு வலை கொக்கி விளைவு. லிகண்டைக் கூட்டிக்கொண்டே போனால் பதில் ஏறி, ஒரு கட்டத்தில் சரியும். ஒவ்வொரு சங்கிலியும் தனக்கென ஒரு லிகண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். சேர்த்துப் பிடிக்க ஆளிருக்காது. ஒரே ஒரு செறிவில், அதுவும் ‘இருக்கட்டும்’ என்று அதிகமாக ஊற்றிச் சோதித்தவர் நல்ல ஏற்பியைக் குப்பையில் போட்டிருப்பார். பிகோமோலாரிலிருந்து மைக்ரோமோலார்வரை பத்துப் பத்து மடங்காக ஏழு புள்ளிகள், ஒரே தட்டில். வளைவு மணி வடிவில் வந்தால் ஏற்பி சரியாகத்தான் இருக்கிறது.

டாங்கோவும் என்ஃபேட்டும்

டாங்கோ 2008-இலிருந்து இருக்கிறது. ஜி-புரத ஏற்பியின் வாலில் டெவ் தளமும் டிடிஏவும், பீட்டா-அரெஸ்டின்2-இன் (விழித்த ஜி-புரத ஏற்பியில் போய் ஒட்டும் புரதம்) மேல் டெவ். லிகண்ட் வந்தால் அரெஸ்டின் வந்து ஒட்டும், வெட்டும். 2015-இன் பிரெஸ்டோ-டாங்கோ தொகுப்பில் 300-க்கும் மேற்பட்ட மனித ஏற்பிகள் தயாராக இருக்கின்றன. மருந்து தேடும் தட்டுகளுக்கு இதைவிட வசதி இல்லை. சிகிச்சைச் செல்லுக்குள் மட்டும் இதைக் கொண்டுபோகக் கூடாது. அரெஸ்டின் பல ஏற்பிகளுக்கும் ஓடிப்போகும் பொதுவேலைக்காரன்.

என்ஃபேட் (டி செல் உசுப்பப்படும்போது விழிக்கும் படியெடுப்புக் காரணி) புரமோட்டரை நேரடியாகப் பயன்படுத்துவதும் ஒரு வழிதான், ஏற்பி எதுவும் செய்யத் தேவையில்லை என்பதால் ஆசையைத் தூண்டும் வழி. டி செல் எதனால் உசுப்பப்பட்டாலும் அது எரியும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 33 மெலனோமா நோயாளிகளுக்கு என்ஃபேட் புரமோட்டரின் கீழ் ஐஎல்-12 என்ற சைட்டோகைனை வைத்த கட்டி-ஊடுருவிய டி செல்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வந்த அறிக்கையில் கட்டி சுருங்கியவர்களும் உண்டு. கூடவே கல்லீரல் பாதிப்பு, கடும் காய்ச்சல், இரத்த அழுத்தக் குலைவு. ஐஎல்-12 போன்ற பொருளுக்குப் பொதுப்பாதைப் புரமோட்டர் பூட்டு ஆகாது.

தட்டில் அளப்பது

எதை எடுத்தாலும் அளவு ஒன்றுதான். சவ்வு லிகண்டுக்கு 96 குழித் தட்டில், யூ-வடிவ அடியில், பெறும் செல் ஒரு லட்சம், லிகண்டைச் சுமக்கும் அனுப்பும் செல் ஒரு லட்சம், 200 மைக்ரோலிட்டரில். 400 ஜி-யில் ஒரு நிமிடம் சுழற்றி அடியில் ஒன்றோடொன்று உட்காரவைத்து, 24 மணி நேரம் கழித்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களின் ஒளியை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) பாருங்கள். அனுப்பும் செல்லுக்கு ஒரு நிறம் கொடுத்து வெளியே தள்ளுங்கள். ஒட்டிக்கொண்ட ஜோடிகள் போலியாக ஒளிரும்.

மடங்கு எண் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நகரக் கூடாது. சராசரி எண் வால் பகுதியை விழுங்கிவிடும். அணைந்த நிலையின் ஹிஸ்டோகிராமில் வலது பக்கம் சிறு மேடு தெரிகிறதா என்று பாருங்கள். அந்த மேடு பெரும்பாலும் ரெஸ்பான்ஸ் கேசட் பல தடவை நுழைந்த செல்கள். வைரஸ் விகிதம் 0.3 அளவில், அதாவது நாலில் ஒரு செல் மட்டும் தொற்றும்படி வைத்தால் மேடு தணியும். பிறகு லிகண்ட் இல்லாமல் இருண்ட செல்களை ஒரு தடவை பிரித்து, வளர்த்து, லிகண்ட் கொடுத்து ஒளிர்ந்தவற்றை இன்னொரு தடவை பிரித்து, அணைய ஒரு வாரம் விட்டால் கையில் இருப்பது சோதனைக்கு ஏற்ற கூட்டம்.

கட்டுப்பாட்டுக் குழிகளில் எதையும் விடாதீர்கள். ரெஸ்பான்ஸ் கேசட் மட்டும் உள்ள செல்: கசிவு புரமோட்டருடையதா ஏற்பியுடையதா என்று இதுதான் சொல்லும். லிகண்ட் இல்லாத அனுப்பும் செல். சின்நாட்ச், ஸ்னைப்பர் இரண்டுக்கும் 10 மைக்ரோமோலார் டாப்ட் (காமா-செக்ரெட்டேஸைத் தடுக்கும் மருந்து), பக்கத்தில் அதன் கரைப்பானான டிஎம்எஸ்ஓ மட்டும்: டாப்ட் போட்டும் ஒளிர்ந்தால் வெட்டுவது காமா-செக்ரெட்டேஸ் இல்லை, காரணி வேறெங்கோ கழல்கிறது. மிக் ஆன்டிபாடியைத் தட்டில் ஓரிரவு பூசிய குழி: எஸ்சிஎஃப்வி லிகண்டைப் பிடிக்காவிட்டாலும் சின்நாட்ச்சின் மீதிப் பகுதி நலமா என்று இதில் தெரியும். கடைசியாக, ஏற்பி இல்லாமல் காரணியை மட்டும் நேரடியாக வெளிப்படுத்தும் செல். ரெஸ்பான்ஸ் கேசட் எட்டக்கூடிய கூரை அதுதான். அந்தக் கூரையே தாழ்ந்திருந்தால் எஸ்சிஎஃப்வியையும் ஹிஞ்ச்சையும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒட்டும் தளங்களையும் குறும் புரமோட்டரையும் மாற்றிவிட்டு ஏற்பிக்குத் திரும்புங்கள்.